மூன்றாம் வகுப்பின் ஸ்டீவ் அட்டைகளைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியைத் தாங்கள் பார்வையிட்ட அன்று, மூன்றாம் வகுப்பின் தமிழ்வழிப் பிரிவிலிருந்து அகற்றச் சொன்ன அட்டைகளைப் பற்றியே இம்மடல். பள்ளிக்கூடத்தில் வீடியோ கேம் கூடாது என்று சொல்லிச் சென்றீர்கள். அந்த வகுப்பில் கைப்பேசியும் இல்லை, கேமும் இல்லை. இருந்தவை, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில் டீச்சர் தம் கையால் எழுதிய வாசிப்பு அட்டைகள். அவற்றை வகுப்புக்குத் திருப்பித் தர வேண்டுகிறேன்.

என் மகன் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினால் விழிப்பான். கடைப் பலகையும் பேருந்துப் பலகையும் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும் ஊரில், பாடநூலை விட்டால் அவன் கண்ணில் படும் தமிழ் எழுத்து மிகக் குறைவு. ஆனால் மைன்கிராஃப்ட் விளையாட்டில் வரும் ஸ்டீவ் என்றால் அவனுக்கு உயிர். அதைக் கவனித்த டீச்சர், நீலச் சட்டை போட்ட ஸ்டீவின் சதுர முகத்தை வரைந்து, அந்த விளையாட்டின் கணக்கையே கீழே எழுதினார்: "ஒரு மரத்துண்டில் நான்கு பலகை. இரண்டு பலகையில் நான்கு குச்சி. மூன்று துண்டுக்கு எத்தனை குச்சி?" 'மரத்துண்டில்' என்ற சொல்லில் விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்து, பன்னிரண்டு பலகை, இருபத்துநான்கு குச்சி என்று அவன் சொன்னான். அட்டைக்கு அட்டை எண்ணும் சொல்லும் மாறுவதால் மனப்பாடம் அங்கே செல்லாது. வாசித்தால்தான் விடை வரும்.

பிள்ளைகள் போனில் மூழ்கிவிடக் கூடாது என்ற தங்கள் கவலை எங்களுக்கும் உண்டு. நேரம் வைத்துத்தான் கொடுக்கிறோம். இதே விளையாட்டுக்குப் பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பு 2016-இல் வந்துவிட்டது. அதையோ, அதற்கான கணினிகளையோ நாங்கள் கேட்கவில்லை. கேட்பது அட்டைகளை மட்டுமே.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று, 1956-இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு சொல்கிறது. தமிழ்ப் பாடநூல் தாமதமாக வந்தபோதெல்லாம் காத்திருந்தோம். தமிழ்க் கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று எங்கள் வகுப்பு அலமாரியைத் திறந்து பார்க்க இதுவரை எந்த அலுவலரும் வந்ததில்லை. காசு செலவில்லாமல், தம் உறக்கத்தை விட்டு ஓர் ஆசிரியை செய்ததை அகற்ற மட்டும் ஒரே நாள் போதுமானதாக இருந்தது. இது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

சொல்லில் கடுமை இருந்தால் பொறுத்தருளுங்கள். அட்டைகள் தலைமை ஆசிரியர் அறையில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. தாங்கள் ஒரு வரி எழுதித் தந்தால் போதும். ஐயம் இருந்தால், ஒரு காலை வகுப்பில் அமர்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டபின் முடிவு செய்யுங்கள். எதுவானாலும், ஓணப் பரீட்சைக்கு முன்பாக அட்டைகள் வகுப்புக்குத் திரும்ப ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்