நீ எழுதிய அந்தத் தலைப்பைப் பற்றி

அன்புள்ள பிள்ளைக்கு,

போன ஞாயிறு கதைத்தபோது நீ அவசரமாகப் போனை வைத்துவிட்டாய். நானும் கொஞ்சம் சத்தமாகக் கதைத்துவிட்டேன். அம்மா குசினிக்குள் இருந்து கையைக் காட்டி "விடுங்கோ, பிள்ளை களைச்சுப் போய் வந்திருக்கிறாள்" என்றாள். போனில் விட்டுவிட்டேன், மனதில் விட முடியவில்லை. வட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் ரயிலில் நின்றபடி பாதி படித்துவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் ஒரேயடியாக எழுதுகிறேன், இரவு ஆறுதலாக இருந்து படி.

உன் செய்தி அலுவலகத்தில் நாடுகடத்தல் செய்தி ஒன்றுக்கு "சட்டவிரோதமாக வந்தவர்கள்" என்று தலைப்புப் போடச் சொன்னார்கள், நீயும் போட்டாய். ஏன் போட்டாய் என்று நான் கேட்டதற்கு, "அப்பா, நாங்கள் யாருடைய மனதையும் மாற்றுவதில்லை, சனம் ஏற்கனவே நினைத்துக்கொண்டிருப்பதைத்தான் அவர்களுக்கு விளங்கும் சொல்லில் போடுகிறோம்" என்றாய். இந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னது பொய் இல்லை. ஆனால் சனம் அப்படி நினைக்கத் தொடங்கியது எப்போது, அதை அவர்கள் வாயில் போட்டது யார் என்று நீ பார்க்கவில்லை.

2013 ஒக்ரோபரில், அப்போது அவுஸ்திரேலியாவின் குடிவரவு அமைச்சராக இருந்த ஸ்கொட் மொரிசன், படகில் வருகிறவர்களை இனிமேல் "சட்டவிரோதக் கடல்வழி வருகையாளர்" என்றுதான் எழுதவேண்டும், சொல்லவேண்டும் என்று தன் திணைக்களத்துக்கு உத்தரவு போட்டார். நேற்றுவரை கோப்பில் ஒரு சொல், இன்று இன்னொரு சொல். வந்த மனிதரிலும் மாற்றம் இல்லை, கேட்ட அடைக்கலத்திலும் மாற்றம் இல்லை. உயிருக்குப் பயந்து நேராக வந்து அடைக்கலம் கேட்பவரை, அனுமதியில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று அகதிகள் சாசனத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது, அவுஸ்திரேலியா 1954இலேயே அதில் சேர்ந்துவிட்டது. அதெல்லாம் தெரிந்த நீயும் அந்தச் சொல்லை எடுத்துப் போட்டிருக்கிறாய், ஏனென்றால் அது அவ்வளவு பழகிவிட்டது.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் யோசித்தேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2001 ஒக்ரோபரில் நீ சின்னப்பிள்ளை. வேலைத்தலத்தில் மதியச் சாப்பாட்டு நேரம், பக்கத்தில் இருந்தவர் பேப்பரை என் பக்கம் தள்ளி, "பார், இந்தச் சனம் சொந்தப் பிள்ளைகளையே கடலுக்குள் எறிகிறது" என்றார். படத்தில் தண்ணீருக்குள் மனிதர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன், தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமில்லை பிள்ளை, "எங்கட ஆக்கள் அப்படிச் செய்யமாட்டினம்" என்றும் சொன்னேன். நான் விமானத்தில், கையில் விசாவோடு வந்தவன் என்பதை அந்த மேசையில் இருந்தவர்கள் மறக்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் படம், அரசாங்கம் சொன்னதுபோல, படகில் வந்தவர்கள் பிள்ளைகளை எறிந்த படம் இல்லை. எறிந்ததாகச் சொன்ன நாளுக்கு மறுநாள், படகு மூழ்கி, கடற்படையினர் அவர்களைத் தண்ணீரில் இருந்து காப்பாற்றியபோது எடுத்த படம். படத்தோடு இருந்த விளக்கமும் திகதியும் வெளியே வரவில்லை. ஒருவரும் பிள்ளையை எறியவில்லை என்பது கடற்படையில் இருந்தவர்களுக்குச் சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நவம்பர் 10 தேர்தல் வரைக்கும் அரசாங்கம் அதைத் திருத்திச் சொல்லவில்லை, பிரதமர் ஜோன் ஹவார்ட் வென்றார். அடுத்த வருடம் செனட் விசாரணை நடந்தது, உண்மை எழுத்தில் வந்தது. அதை யார் படித்தார்கள்? என் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெறும்வரை எறிந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒருநாள்கூட அவரைத் திருத்தவில்லை.

அந்த விசாரணையில் வெளிவந்த இன்னொரு விசயத்தை நீ கட்டாயம் தெரிந்திருக்கவேண்டும், ஏனென்றால் இது உன் தொழில். படகில் வந்தவர்களை மனிதர்களாக, தனித்தனி ஆட்களாகக் காட்டுகிற படங்கள் எடுக்கவேண்டாம் என்று பாதுகாப்புத் துறையின் ஊடகப் பிரிவுக்கு அறிவுறுத்தல் வந்திருந்ததாக அங்கே சாட்சியம் சொல்லப்பட்டது. தூரத்தில் ஒரு படகு, அதில் புள்ளி புள்ளியாக ஆட்கள். முகம் வரக்கூடாது. அழுகிற தாய் வரக்கூடாது. அதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. எனக்குச் சனத்தின் மீது அவ்வளவு கோபம் இல்லை, அவர்கள் பார்ப்பதற்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதில்தான் கோபம்.

அதற்குப் பிறகு வந்ததும் அதே வழிதான். 2013இல் படகுகளைத் தடுக்கும் "எல்லை இறைமை நடவடிக்கை" தொடங்கியபோது, கடலில் நடப்பது எதைக் கேட்டாலும் "கடல் விவகாரம், பதில் இல்லை" என்றார்கள். 2014 தொடக்கத்தில், படகில் வந்தவர்களைத் தடுத்துவைத்திருந்த நவூருத் தீவுக்குப் போகிற பத்திரிகையாளர் விசாக் கட்டணம் 200 டொலரில் இருந்து 8,000 டொலராக ஏறியது, அதுவும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காசு திரும்பாது. அதே வருடம் நடுப்பகுதியில் எங்கள் ஆட்கள் 157 பேர் ஒரு சுங்கக் கப்பலுக்குள் கிட்டத்தட்ட ஒரு மாதம் வைக்கப்பட்டிருந்தார்கள். இன்னொரு படகில் வந்த 41 பேரை நடுக்கடலில் வைத்தே இலங்கைக் கடற்படையிடம் கொடுத்தார்கள். யாராவது ஒருவருடைய முகம் உனக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கு வரவில்லை. நான் அந்த நாட்களில் தினமும் செய்தி பார்த்தவன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், கடலில் செத்தவர்கள் இருக்கிறார்கள், ஆயிரத்துக்கும் மேல். அந்தப் படகுகளை ஏற்றிவிட்டுக் காசு எண்ணியவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். படகு நிற்கவேண்டும் என்று சொன்ன எல்லோரும் கல்நெஞ்சர் இல்லை, அரசாங்கம் எல்லையைப் பார்க்கக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் "வரிசையைத் தாண்டி வந்தவர்கள்" என்று இங்கே வானொலியில் நாள்முழுக்கச் சொன்னார்களே, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் அந்த வரிசை எங்கே இருந்தது? எந்தக் கந்தோரில் போய் நிற்க வேண்டும்? கோயில் மண்டபத்தில் நாங்களே அந்தச் சொல்லைச் சொல்லக் கேட்டிருக்கிறேன், "இவையால எங்களுக்கும் கெட்ட பேர்" என்று. அந்தக் கதையில் நானும் நின்றேன்.

என்னை மாற்றியது பிலோயீலா ஊரில் இருந்த அந்தத் தமிழ்க் குடும்பம். உனக்கு அந்தக் கதை தெரியும் என்று சொல்வாய், ஆனால் நடுவில் இருப்பதைப் பார். குயின்ஸ்லாந்தில் ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர், லிபரல் நேஷனல் கட்சி வெல்லுகிற தொகுதி. தகப்பன் 2012இலும் தாய் 2013இலும் படகில் வந்தவர்கள். இங்கே கலியாணம் முடித்து, அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தார், தாய் கறி சமைத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர். இரண்டு பெண்பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தன. 2018 மார்ச் 5, விசா முடிந்து ஒரு நாள், விடியப்புறம் ஐந்து மணிக்கு எல்லைப் படையினர் கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஊர்ச் சனம் எழும்பியது செய்தி பார்த்து இல்லை. அவர்கள் அந்தத் தாயின் கறியைச் சாப்பிட்டவர்கள், தகப்பனோடு வேலை செய்தவர்கள். பழகிய மனிதனைப் பற்றித் தொலைக்காட்சி என்ன சொன்னாலும் எடுபடாது. தலைப்பும் படமும் வேலை செய்வது ஒருநாளும் சந்திக்காத மனிதரைப் பற்றித்தான், இந்த நாட்டில் எத்தனையோ பேர் ஒரு அகதியோடு ஒரு தேத்தண்ணீர் குடித்ததில்லை. அவர்களுக்கு உன் தலைப்புத்தான் அறிமுகம், பிள்ளை.

2019 ஓகஸ்ட்டில் மெல்பேர்ணில் இருந்து இலங்கைக்கு அனுப்ப அவர்களை ஏற்றிய விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி போனில் தடை உத்தரவு போட்டு, அது டார்வினில் இறங்கியது. உள்ளே இருந்து எடுத்த காணொளியில் தாய் கத்தியதை நாடு கேட்டது. பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் கிறிஸ்மஸ் தீவில் தடுத்துவைத்தார்கள். அப்போதைய உள்துறை அமைச்சர் பீற்றர் டட்டன் அந்தப் பிள்ளைகளைப் பற்றி வானொலியில் "நங்கூரக் குழந்தைகள்", அதாவது தாய் தகப்பன் இங்கே தங்குவதற்காகப் பெற்ற பிள்ளைகள், என்ற சொல்லைச் சொன்னார். கடும் வலதுசாரி என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்த வானொலிக்காரர் அலன் ஜோன்ஸோ அவர்களை இருக்க விடுங்கள் என்று கேட்டார். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

2021 ஜூனில் சின்னவளுக்கு நிமோனியா முற்றி இரத்தத்தில் கிருமி ஏறி, பேர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள், குனிந்து கன்னத்தில் கொஞ்சுகிற அக்கா. அந்த ஒரு படம். மூன்று வருடம் வழக்கு, மனு, ஊர்வலம் எல்லாம் அசைக்காததை அது ஒரு கிழமைக்குள் அசைத்தது, குடும்பம் பேர்த்தில் வெளியே விடப்பட்டது. 2022 மே தேர்தலில் ஆட்சி மாறி, ஜூன் 10ஆம் திகதி பிலோயீலாவில் இறங்கினார்கள். ஓகஸ்ட்டில் நிரந்தர விசா. அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்று அழுதாள், உனக்கு நினைவிருக்கும்.

ஆனால் அன்றைக்கு எங்கள் பின்வீட்டில் இருக்கும் தம்பியும் எங்களோடு இருந்துதான் அதைப் பார்த்தான். உனக்குச் சைக்கிள் செயின் மாட்டித் தந்தவன், 2012இல் வந்தவன். அவன் சிரித்தான், சந்தோசப்பட்டான், பிறகு எழும்பிப் போகும்போது, "எங்களுக்குப் படம் எடுக்க ஆளில்லை அண்ணை" என்றான். அவனுக்கு இன்றுவரை பிரிட்ஜிங் விசாதான், முடிவு வரும்வரை இருக்க விடுகிற இடைக்கால விசா. 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த 19,000 பேருக்கு நிரந்தரமாக இருக்க வழி திறந்தார்கள், நல்ல காரியம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் படகில் வந்தவர்களின் விண்ணப்பத்தைச் சுருக்கமாக முடிக்கிற "விரைவு முறை" விசாரணையில் மறுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அதில் அடங்கவில்லை, இவனும் அதில் ஒருவன். அந்த விசாரணையின் மேன்முறையீட்டு அமைப்பையே 2024இல் இழுத்து மூடிவிட்டார்கள், அது சொன்ன மறுப்பு மட்டும் இன்னும் இவன் தலையில் நிற்கிறது. தாய் செத்தபோது அவனால் போக முடியவில்லை, போனால் திரும்ப முடியாது. வீடியோவில் கொள்ளி வைத்ததைப் பார்த்தான், நான் பக்கத்தில் இருந்தேன்.

2024இல் மெல்பேர்ண் டொக்லண்ட்ஸில் குடிவரவுத் திணைக்களத்துக்கு முன்னால் மாதக்கணக்காகக் கூடாரம் போட்டு இருந்தார்களே, எங்கள் ஆட்களும் ஈரானியர்களும், அங்கே இவனும் இரவில் போய் இருந்தான், நான் சாப்பாடு கட்டிக்கொண்டு போனேன். அந்த நாட்களில் இவர்களைப்போலவே காத்திருந்த எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒன்று செத்துப்போனது. செய்தியில் இரண்டொரு நாள் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏன் அதற்கு நாடு எழும்பவில்லை? கட்டிலில் கிடந்த நாலு வயதுப் பெண்குழந்தைக்கு இரங்குகிற மனம், வளர்ந்த ஆம்பிளைக்கு இரங்காது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பிலோயீலாப் பிள்ளைகள் வீடு வந்தது எனக்கு உயிர் வந்தமாதிரி, ஆனால் ஒருவன் இருப்பதா போவதா என்பது அவன் படத்தில் எப்படித் தெரிகிறான் என்பதில் இருக்கக்கூடாது.

அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், அடுத்த தடவை அந்தச் சொல்லைப் போடச் சொன்னால், "அடைக்கலம் கோரியவர்கள்" என்று போட்டுக் கொடு, அவர்கள் மாற்றினால் மாற்றட்டும், மாற்றியது அவர்களாக இருக்கட்டும். வேலை போய்விடும் என்று பயந்தால் எனக்குச் சொல்லு, இந்த வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. தம்பியிடம் உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றான், ஊரில் தங்கச்சி இருக்கிறாள், பொலிஸ் வந்து கேட்கும் என்று பயம். நேற்று வந்து, பெயர் போடாமல், முகம் காட்டாமல் என்றால் உன்னோடு கதைக்கிறேன் என்றான். முகம் இல்லாமல் ஒரு ஆளைப் பற்றி எழுதினால் சனம் படிக்குமா என்று எனக்குத் தெரியவில்லை, நீதான் யோசிக்கவேண்டும். நத்தார் விடுமுறைக்கு வரும்போது இரண்டு நாள் கூட நின்றுவிட்டுப் போ. அவன் சனிக்கிழமை இரவு வேலைக்குப் போவான், ஞாயிறு பின்னேரம்தான் வசதி. அம்மா உனக்கு மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள், பெட்டியில் இடம் வைத்துக்கொண்டு வா.

அன்புடன்
அப்பா