ஆரஞ்சு பனியனுக்கு ஒரே கணக்கு

கேம்லூப்ஸ், கனடா
ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா? ஆர்டர் வந்தபின் பிரிண்ட் போட்டு அனுப்புகிற ஆன்லைன் பனியன் கடையைத் தம்பி திருப்பூரிலேயே தொடங்கப்போவதாகச் சொன்னீர்கள். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இங்கே நான் பார்ப்பதும் அந்த வேலையே. போனில் விவரமாகப் பேசலாமென்றால் எனக்குக் காலை ஒன்பது மணி, உங்களுக்கு இரவு ஒன்பதரை. பாதியில் தூக்கம் வந்துவிடுகிறது உங்களுக்கு. அதனால் எழுதுகிறேன். அவனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

கனடா முழுக்கப் பனி என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஊர் கோடையில் 35 டிகிரியைத் தாண்டும். சுற்றிலும் காய்ந்த மலைகள், நடுவில் இரண்டு தாம்சன் ஆறுகள் சேருமிடத்தில் ஊர். எங்கள் கடையில் தயார் சரக்கு கிடையாது. அடுக்கில் பிளைன் பனியன் மட்டுமே இருக்கும். சால்மன் மீன், கரடி, மலை என்று எந்த டிசைன் கேட்டாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவோம்.

இப்போது அடுக்கெல்லாம் ஆரஞ்சு. செப்டம்பர் 30 இங்கே ஆரஞ்சுச் சட்டை நாள். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண்ணுக்கு 1973-ல் ஆறு வயது. உறைவிடப் பள்ளிக்கு முதல் நாள் போட்டுக்கொண்டு போக, பாட்டி புதிதாக ஓர் ஆரஞ்சுச் சட்டை வாங்கிக் கொடுத்தார். பள்ளியில் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். திரும்பக் கொடுக்கவே இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டையும் மொழியையும் விட்டுப் பிரிப்பதற்கென்றே நடத்திய பள்ளிகள் அவை. அப்படி ஒரு பள்ளியின் செங்கல் கட்டடம் எங்கள் ஊரிலும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. 1890 முதல் 1978 வரை நடந்தது. வெப்ஸ்டாட் தன் கதையைச் சொன்ன பிறகு 2013-ல் வில்லியம்ஸ் லேக் என்ற ஊரில் இந்த நாள் தொடங்கியது. 2021 முதல் மத்திய அரசே விடுமுறை விடுகிறது. அதற்கு முந்தின பள்ளி நாட்களில் பள்ளிக்கூடமே ஆரஞ்சாக வரும். ஒரு பிள்ளைக்குச் சட்டை உண்டு என்று பணம் வாங்கிவிட்டு, பிறகு இல்லை என்று கடிதம் போடுவது மற்ற எந்த நாளைவிடவும் இந்த நாளில் தப்பு. அதனால்தான் இருப்புக் கணக்கில் நான் இவ்வளவு கறாராக இருக்கிறேன்.

ஆன்லைன் கடையில் ஒவ்வொரு டிசைனுக்கும் சைஸுக்கும் தனித்தனியாக இருப்பு எண் போட இடம் இருக்கும். அங்கேதான் சிக்கல். ஆறு வயது சைஸில் ஆரஞ்சு பிளைன் 40 பீஸ், டிசைன் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் 40 என்று போட்டால் கடை 120 வரை விற்றுவிடும். ஒரே ரோல் துணியைக் காட்டி மூன்று பார்ட்டியிடம் அட்வான்ஸ் வாங்கிய மாதிரி ஆகும். சரி, பங்கு பிரித்து 14, 13, 13 என்று போடலாமென்றால், ஒரு டிசைன் தீர்ந்து ‘இல்லை’ என்று காட்டும். அதற்கு ஆகக்கூடிய பனியன் இன்னொரு டிசைனின் பெயரில் சும்மா கிடக்கும். எப்படியும் ஆர்டருக்குப் பிறகு செய்வதுதானே என்று எண்ணே போடாமல் விடுகிறவர்களும் உண்டு. அப்போது கடை அளவே இல்லாமல் விற்றுக்கொண்டே போகும், அது எல்லாவற்றையும்விட மோசம்.

ஆகவே டிசைனை எண்ணக் கூடாதப்பா, பிளைன் பனியனைத்தான் எண்ண வேண்டும். நிறம், சைஸ், துணியின் கனத்தைச் சொல்லும் ஜி.எஸ்.எம். மூன்றும் சேர்ந்து ஒரு கோட் நம்பர். எந்த டிசைனில் ஆர்டர் விழுந்தாலும் அந்த நம்பரில் ஒன்று குறையும், குறைந்த எண்ணே எல்லா டிசைனிலும் தெரியும். இப்படி இணைக்க மென்பொருள் இருக்கிறது. பனியனும் துணிப்பையும் சேர்ந்த செட் என்றால், எது குறைவோ அதுதான் செட்டின் கணக்கு: 40 பனியன், 12 பை என்றால் 12 செட்.

மென்பொருளை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. ஒரு டிசைனில் விற்றது மற்ற டிசைனின் எண்ணில் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் இரண்டு பேர் கடைசி பீஸுக்குப் பணம் கட்டிவிடலாம். அதனால் ஒவ்வொரு சைஸிலும் நாலைந்து பீஸை விற்பனைக்குக் காட்டாமல் ஒதுக்கி வைக்கிறோம். பிரிண்டில் டேமேஜ் ஆனாலும் அதிலிருந்துதான் எடுப்போம். டேமேஜ் ஆன அந்த நிமிஷமே கணக்கில் கழிக்க வேண்டும், சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. ஆர்டர் ரத்தானால் பிரிண்ட் போடாத பீஸ் மட்டுமே இருப்புக்குத் திரும்பும். சனிக்கிழமைச் சந்தையில் கையால் விற்பதும் இதே கணக்கில்தான் கழிய வேண்டும்.

தம்பிக்கு ஒரு வசதி, பிளைன் பனியன் அவனுக்குக் கூப்பிடு தூரத்தில் கிடைக்கும். ஆனால் கையில் இல்லாததை அதை நம்பி விற்க வேண்டாம். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற நாளில்தான் அந்த நிறத்தில் அந்த சைஸ் கிடைக்காது. டையிங் லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட சரக்கு, மாறினால் ஷேட் மாறும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். புது லாட்டுக்குப் புது கோட் நம்பர் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரே வீட்டு ஆர்டரில் இரண்டு ஆரஞ்சு போய்விடும்.

முதலில் இரண்டே நிறம், நாலு சைஸ் போதும் அவனுக்கு. எந்த மில் துணி, எத்தனை ஜி.எஸ்.எம். எடுக்கிறான் என்று எழுதச் சொல்லுங்கள். கணக்குத் தாளை நானே போட்டு அனுப்புகிறேன். அம்மாவை மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
சுமதி