பாத்திரம் வாங்க வந்த பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் ஸ்டுடியோவின் பழைய வீடியோ டேப்கள் தண்ணீரில் நனைந்துவிட்டன. தண்ணீர்த் தொட்டிக்கு அன்றிரவு என்ன ஆனது, யார் கவனிக்காமல் விட்டார்கள் என்பதையெல்லாம், கனடாவின் வடக்கே உள்ள எங்கள் இனுயிட் ஊரான இக்லூலிக்கில் பேசித் தீர்த்துவிட்டோம். மறுபடி எழுதப் போவதில்லை. நேற்று மாலை கடைசி டேப்பும் காய்ந்துவிட்டது. சரியாகத் தூங்கிப் பல நாளாகிறது, அதனால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ரேடியோவில் அறிவிப்பைக் கேட்டதும் ஸ்னோமொபைலுக்குப் பின்னால் சறுக்குவண்டியைக் கட்டிக்கொண்டு, அந்தப் பனிப்புயலில் வந்து பெட்டிகளை ஏற்றிய பையன்கள். வீட்டிலிருந்த துண்டையெல்லாம் கொடுத்துவிட்டு, திருப்பித் தர வேண்டாம் என்று சொன்ன அக்காக்கள். "ஹீட்டர் பக்கமே கொண்டுபோகாதே, சூடு பட்டால் டேப் போச்சு" என்று விடிய விடிய போனில் இருந்த, எங்கள் நுனாவுட் பகுதியின் தலைநகரான இக்காலுயிட்டின் நண்பர். பழைய பிளேயரை விமானத்தில் அனுப்பிவைத்த ஒட்டாவாக்காரர். எல்லோருக்கும் குயன்னாமீக். நன்றி.

இனி அந்தப் பாட்டி.

முதல் நாள் சீல் இறைச்சி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பாத்திரத்தை வாங்கிப் போகத்தான் வந்தார். வந்தவர் நான்கு இரவு உட்கார்ந்துவிட்டார்.

டேப்கள் பிழைத்தாலும், மேலே ஒட்டியிருந்த சீட்டுகளில் மை கரைந்து போயிருந்தது. எந்த டேப்பில் யார், எந்த ஆண்டு, எந்த முகாம், ஒன்றும் தெரியவில்லை. பெயர் இல்லாத டேப் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான் என்று நான் புலம்பிக்கொண்டே ஒன்றை ஓடவிட்டேன். திரையில் நான்கு பேர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை.

"நிறுத்து" என்றார் பாட்டி. "அந்த அங்கியின் தோள் தையலைப் பார். என் சித்தி கைத்தையல். அப்படியென்றால் போட்டிருப்பவன் அவளுடைய இரண்டாவது பையன்."

அப்புறம் எழுதிக்கொண்டே இருந்தேன். காலணித் தையலை வைத்து ஒரு குடும்பம், பின்னால் தெரிந்த பாறையை வைத்து ஒரு முகாம், இருமலை வைத்து ஒருவர். ஒரு கிழவருக்கு இருமல்தான் அடையாளம் என்று எந்தப் பட்டியலில் எழுதுவது?

வெளியூரில் இருந்து உதவியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஊர் 1975-லும் 1979-லும் வாக்கெடுப்பு நடத்தி, தொலைக்காட்சி வேண்டாம் என்று சொன்ன ஊர். தெற்கிலிருந்து வருவதில் எங்கள் மொழி இல்லை என்பதுதான் கவலை. 1981-ல் இனுயிட் ஒளிபரப்புக் கழகம் வந்து, நாங்களே எங்கள் மொழியான இனுக்டிடுட்டில் படம் பிடிக்கலாம் என்று ஆன பிறகு, 1983-ல்தான் சரி என்றோம். "இரண்டு தடவையும் வேண்டாம் என்று போட்டவள் நான்" என்று பாட்டி பெருமையாகச் சொல்லிக்கொண்டார். "அப்பாவும்தான். ஆனால் காமிராவைத் தூக்கிக்கொண்டு நம் பிள்ளைகளே வந்து நின்றபோது, நாள் முழுக்கப் பேசினார்."

அந்த அப்பாவின் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். அவர் இறந்த அடுத்த ஆண்டு பிறந்தவள் நான். எங்களில் பெயருக்கு ஆண் பெண் கிடையாது. பெயரோடு உறவும் சேர்ந்து வந்துவிடும். அதனால் எழுபது வயதுக்காரி என்னை "அத்தாத்தா", அப்பா என்று கூப்பிடுவார். நான் அவரை மகளே என்று கூப்பிட வேண்டும். சின்ன வயதிலிருந்து வெட்கத்தோடுதான் கூப்பிட்டு வருகிறேன்.

மூன்றாம் இரவு ஒரு டேப்பில், ஒருவர் ஈட்டிக்கம்பால் கடல்பனியைக் குத்திக் காட்டுகிறார். ஒரே குத்தில் உள்ளே போனால் திரும்பிவிடு என்கிறார். போகாவிட்டால் நடக்கலாம். ஆனால் பௌர்ணமி, அமாவாசையில் நீரோட்டம் வலுக்கும், கரையைப் பிடித்து நிற்கும் பனியைத் தாண்டாதே, காற்றைப் பார். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தாத்தா, நீ பேசுகிறாய்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. கடல்பனியின் விளிம்புக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை, பயம். ஸ்டுடியோவில் உட்கார்ந்து மற்றவர்கள் போவதை வெட்டி ஒட்டுவதுதான் என் வேலை. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நீயே சொல்லித் தந்ததை நீயே மறந்துவிட்டாயா?"

வசந்தத்தில் மாமாக்களோடு பனிமேல் போகிறேன். இங்கே எழுதிவிட்டதால் இனிப் பின்வாங்க முடியாது. இன்னொன்று: இனி எந்த டேப்புக்கும் சீட்டு மட்டும் ஒட்ட மாட்டேன். யார் யார், யாருக்கு என்ன உறவு என்று பெரியவர்கள் குரலிலேயே முன்னால் பதிந்துவிட்டு, பிரதியை வேறு இரண்டு ஊர்களிலும் வைப்போம்.

பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டேன், மகளே. அடியில் கொஞ்சம் கருகியிருக்கிறது. மன்னித்துக்கொள்.

ஒன்பது டேப்களில் உள்ளவர்கள் யாரென்று பாட்டிக்கும் தெரியவில்லை. நாளை மதியம் அவற்றின் ஒலியை ரேடியோவில் போடுகிறோம். ஒன்றில் குரைப்பு மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. படத்தில் ஒரு காது மடிந்த வெள்ளை நாய். யாருடையது என்று தெரிந்தவர்கள் கூப்பிடுங்கள். போன் வேலை செய்கிறது.