படம் வாசலைத் தாண்டும் முன்

அன்புள்ள குமார்,

கடிதம் வந்தது. கேலரி உன் ஓவியங்களில் பன்னிரண்டு படம் கேட்டிருக்கிறது என்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் "வர்ற வாரமே வேனில் ஏற்றிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. பத்து நாள் தள்ளிப் போடு. படம் கையை விட்டுப் போனபின் செய்ய முடியாத வேலைகள் சில உண்டு.

முதல் வேலை, ஒவ்வொரு படத்தையும் போட்டோ எடுத்து வைப்பது. செல்போனை வைத்துக்கொண்டு கிட்டத்தில் நின்று எடுத்தால் சட்டத்தின் நேர்விளிம்பு வில்லாக வளைந்துவிடும். கேமரா இரவல் வாங்கு, 50 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை அளவு) 8 போதும். லென்ஸ் படத்தின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்கட்டும். படம் சுவரில் சாய்ந்திருந்தால் கேமராவையும் அதே அளவு சாய்க்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு பக்கம் குறுகிவிடும். ஒரே கம்பெனி, ஒரே வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டை இருபுறமும் 45 டிகிரியில், சம தூரத்தில் வை. ஜன்னலைச் சாத்து, அறை விளக்கை அணைத்துவிடு. பகல் வெளிச்சமும் மஞ்சள் பல்பும் கலந்தால் உன் வெள்ளை ஒரு ஓரத்தில் நீலமாகவும் மறு ஓரத்தில் காவியாகவும் விழும். ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாரடிக்க வேண்டியதுதான். முதல் ஷாட்டில் கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்கும் சாம்பல் அட்டை) ஒன்றைப் படத்தோடு சேர்த்து எடுத்துக்கொள்.

உன் கறுப்புப் படங்களில் வார்னிஷ் பளபளப்பு தொந்தரவு தரும். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டினால் பாதி அடங்கும். அடுத்த தொடரை வார்னிஷ் பூசும் முன்பே எடுத்துவிடு. வண்ணம் தடித்திருக்கும் இடத்தை மட்டும் ஒற்றைப் பக்க விளக்கில் தனியாக ஒன்று எடு. வண்ணக் கத்தி இழுத்த தடம் அதில்தான் தெரியும். பெரிய ஃபைலை அப்படியே பத்திரப்படுத்து. மின்னஞ்சலுக்கு நீண்ட பக்கம் 2000 பிக்சல் உள்ள ஜேபெக் போதும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் கொடு: 2024-07 (வருடம், வரிசை எண்) என்பதுபோல. நோட்டிலோ எக்செல்லிலோ எண், தலைப்பு, ஊடகம் (எண்ணெய் வண்ணமா, அக்ரிலிக்கா), அளவு (உயரம் முதலில், பிறகு அகலம்), விலை, இப்போது எங்கே இருக்கிறது. அதே எண்ணைப் பின்னால் மரச்சட்டத்தில் பென்சிலால் எழுது. துணியின் முதுகில் மார்க்கர் வேண்டாம், மை ஊறி முன்பக்கம் தலைகாட்டக்கூடும்.

விலையைச் சதுர அங்குலத்துக்கு 40 ரூபாய் என்று வைத்திருக்கிறாய். 24×36 படத்துக்கு 34,560 வருகிறது, சரி. 8×10 படத்துக்கு வெறும் 3,200. ஃப்ரேம் செலவுக்கே பத்தாது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பெருக்கிப் பார். அங்குலத்துக்கு 576 வைத்தால் பெரியது அதே 34,560, சின்னது 10,368. எது என்றாலும், வீட்டில் விற்கும் விலையும் கேலரி விலையும் ஒன்றாக இருக்க வேண்டும். "நேரில் வாங்க, பாதி விலை" என்று ஒருவரிடம் சொன்னாலே போதும், கேலரி கதவு சாத்திக்கொள்ளும்.

இனி ஒப்பந்தம். கேலரி 50 சதவீதக் கமிஷன் கேட்பது அதிசயமில்லை. தள்ளுபடி பற்றி எழுதியிருக்கும் இடத்தைத்தான் உற்றுப் பார். 40,000 ரூபாய்ப் படத்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் வருவது 36,000. இருவரும் சமமாகத் தாங்கினால் ஆளுக்கு 18,000. உன் தலையில் மட்டும் விழுந்தால் அவர்களுக்கு 20,000, உனக்கு 16,000. விற்ற பணம் எத்தனை நாளில் வரும், விற்காதது எந்தத் தேதிக்குள், யார் செலவில் திரும்பும், வண்டியில் ஏறியது முதல் வீடு வரும் வரை காப்பீடு யார் பொறுப்பு, இதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கடைசித் தேதி போடாத படம் குடோனிலேயே குடியிருக்கும்.

பதிப்புரிமைப் பத்தியில் "எல்லாப் பயன்பாட்டுக்கும்" என்று இருந்தால் அடித்துவிட்டு "கேட்டலாக், விளம்பரம், இணையதளம்" என்று மட்டும் எழுது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை விற்றாலும் பதிப்புரிமை உன்னிடம்தான் இருக்கும். எழுத்தில் கொடுத்தால்தான் கைமாறும். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன படம் மட்டும் வேறு கணக்கு: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை அவருக்கு. விற்ற படைப்பைச் சிதைத்தாலும் 57ஆம் பிரிவின் கீழ் கேள்வி கேட்கலாம். தில்லி விஞ்ஞான் பவன் என்ற அரசு மாநாட்டு மண்டபத்தில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு பெயர்த்தெடுத்துப் பாழாக்கிய வழக்கில், 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் நஷ்டஈடும் தரச் சொன்னது.

கலைஞர் குறிப்பு (உன் படைப்பைப் பற்றி நீயே எழுதித் தருவது) 150 சொல்லுக்குள் போதும். "மனித மனத்தின் ஆழங்களை" என்று மட்டும் தொடங்காதே. தேர்வுக்குழுவில் யாரும் இரண்டாம் வரிக்குப் போகமாட்டார்கள். உன் படங்களில் வரும் உப்பளத்து வெள்ளையை எந்த வண்ணப் பொருளை வைத்து, எத்தனை படலமாகக் கொண்டுவருகிறாய் என்று எழுது.

கட்டும்போது வண்ணத்தின் மேல் முதலில் கிளாசின் பேப்பர் (ஒட்டாத, வழுவழுப்பான மெல்லிய தாள்), அதன்மேல் பபிள் ராப், குமிழ் வெளிப்பக்கம். வெயிலில் அக்ரிலிக் வண்ணம் இளகும். பபிள் ராப் நேரடியாகப் பட்டால் வட்டம் வட்டமாகத் தடம் பதிந்துவிடும், போகவே போகாது. நான்கு மூலைக்கும் அட்டைக் காப்பு.

அவர்கள் அனுப்பிய தாளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடு. நான் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
ரவி