பாமுக்கலேயில் இரண்டரை மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த துருக்கிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். இஸ்தான்புல் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால், பாமுக்கலே வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிய பகுதியில் இரண்டு கூற்றுகள் உறுத்தின. குளங்களில் பாதிக்கு மேல் வறண்டு கிடந்ததால் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கட்டுரையாளர் குறைப்பட்டுக்கொள்கிறார். கிளியோபாட்ரா நீராடிய குளத்தில் தாமும் நீராடியதாகப் பெருமைப்பட்டும் கொள்கிறார். சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுலாக் குழுவோடு அதே இடத்திற்குப் போய்வந்தோம். எங்கள் குழுவிலும் இதே குறையும் இதே பெருமையும் பேசப்பட்டன என்பதாலும், இவ்விரண்டிற்கும் காரணம் பயணியர் அல்லர், அவர்களை அழைத்துச் செல்பவர்களே என்று நான் கருதுவதாலும் இதனை எழுதுகிறேன்.

பாமுக்கலே என்றால் துருக்கி மொழியில் பஞ்சுக்கோட்டை. அந்நாட்டின் தென்மேற்கில், தெனிஸ்லி நகரிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், சமவெளிக்கு மேல் கிட்டத்தட்ட 200 மீட்டர் உயரத்திற்கு எழும் ஒரு மலைவிளிம்பிலிருந்து இந்த வெந்நீர் வழிகிறது. சுமார் 35 பாகை வெப்பத்தில் வெளிவரும் அந்நீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. மேற்பரப்பிற்கு வந்ததும் நீரிலுள்ள கரியமில வாயு காற்றில் கலந்துவிட, கரைந்திருந்த சுண்ணாம்பு முதலில் கூழ் போலப் படிந்து, பிறகு கல்லாக இறுகுகிறது. எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வழிகாட்டி பத்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்கியதை, என் மனைவி காலடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு வெந்நீர் அண்டாவுக்குள்ள படியுறதுதானேங்க இது?" என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டார். அதுவேதான். பல்லாயிரம் ஆண்டுகளாக யாரும் தேய்த்துக் கழுவாத அண்டா என்பதுதான் வேறுபாடு.

இனி வறண்ட குளங்களைப் பற்றி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த மலையுச்சியில், பழைய நகரத்தின் இடிபாடுகளுக்கு நடுவிலேயே தங்கும் விடுதிகளைக் கட்டினார்கள். ஊற்று நீரை விடுதிகளின் நீச்சல் குளங்களுக்குத் திருப்பினார்கள். வெண்சரிவின் மீதே வாகனங்கள் ஏறுவதற்குச் சாலையும் போட்டார்கள். வெள்ளை பழுப்பாயிற்று. 1988-இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு, மெல்ல மெல்ல விடுதிகள் இடிக்கப்பட்டன, சாலை மூடப்பட்டது, சாலை இருந்த தடத்தின் மீது செயற்கையாகத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. இன்று நாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது அந்தப் பழைய சாலைத் தடத்தில்தான். எல்லாச் சரிவுகளிலும் எப்போதும் நீர் நின்றால் பாசி பிடித்துவிடும். ஆகவே, ஒரு பகுதியில் நீர் விட்டு, மறுபகுதியைக் காயவைத்து, மாற்றி மாற்றிப் பாய்ச்சுகிறார்கள். வைகைப் பாசனத்தில் முறைவைத்துத் தண்ணீர் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கவைப்பது கடினமா என்ன? எல்லாக் குளங்களிலும் நீலநீர் ததும்பும் ஒரு பழைய படத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டுப் பணம் வாங்கிய நிறுவனம், இந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால், எங்கள் குழுவில் எவரும் ஏமாற்றம் என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்க மாட்டார்கள்.

சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. அந்த வெண்கல், படத்தில் பஞ்சு போலத் தெரிந்தாலும், காலுக்குப் பஞ்சு அன்று. மேற்பரப்பு முழுவதும் அம்மி பொளிந்ததைப் போலச் சிறுசிறு வரிகள். தொட்டிகளின் அடியிலோ விரலிடுக்கில் ஏறும் வெண்சேறு. வெறுங்காலுடன் மேலேறுவதற்கு எனக்கு அரை மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. எங்கள் குழுவில் இருபத்து நான்கு பேரில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். என்னையும் சேர்த்துப் பலர் சர்க்கரை நோயாளிகள். உள்ளங்காலில் உணர்வு குறைந்தவர்கள் அங்கே வெறுங்காலுடன் நடப்பது எத்தகைய ஆபத்து என்று யாரும் எச்சரிக்கவில்லை. கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தால் காவலர் ஊதும் விசில் ஒன்றே அங்கே எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டுதல். பத்ரிநாத்தின் தப்த குண்டத்தில் முழுகியதைப் போல இங்கும் ஒரு முழுக்குப் போட்டுவிடலாம் என்று மாற்றுப் புடவையோடு வந்த ஓர் அம்மையார், தொட்டிகளில் கணுக்கால் அளவே நீர் இருப்பதைக் கண்டு, இரண்டு கையில் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு சமாதானம் அடைந்தார்.

முழுகுவதற்குத் தனிக் கட்டணத்தில் உள்ள இடம், மேலே இருக்கும் பழங்காலக் குளம். அதைத்தான் கிளியோபாட்ரா குளம் என்கிறார்கள். ஏறத்தாழ 36 பாகை வெப்பமுள்ள தெளிந்த நீர். சோடாவைப் போலக் குமிழி எழுகிறது. அடியில் பளிங்குத் தூண்கள் விழுந்த கோலத்திலேயே கிடக்கின்றன. அந்தத் தூண்களின் வரிப்பள்ளத்தில் காலை வைத்துக்கொண்டு நீரில் அமர்ந்திருப்பது உண்மையிலேயே பெரிய சுகம் என்று குழுவினர் சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால், அந்தத் தூண்கள் அங்கே விழுந்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் நிலநடுக்கத்தில். கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-இல். அவர் எங்கே எப்படி நீராடினாரோ, இந்தத் தூண்களுக்கிடையே நீராடியிருக்க வழியில்லை. சுற்றுலாத் துறையினர் வைத்த பெயரை நாளிதழ் வரலாறாக அச்சிடலாகாது.

இந்தப் பெயரின் பளபளப்பில் மறைந்துபோவது, குளத்தைச் சுற்றிலும் கிடக்கும் ஹியராபோலிஸ் என்ற முழு நகரம். இன்றைய துருக்கியின் மேற்கே அரசாண்ட பெர்கமன் அரசர்கள் நிறுவிய அந்நகரம் கி.மு. 133-இல் அவர்களின் நாட்டோடு சேர்ந்து ரோமாபுரியின் கைக்குப் போயிற்று, கி.பி. 60-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பாழாகி மீண்டும் எழுந்தது. அடிமையாய்ப் பிறந்து தத்துவ ஞானியாய் உயர்ந்த எபிக்டெட்டஸ் பிறந்த ஊர் அது. கம்பளி நூலுக்குச் சாயமேற்ற இவ்வூர் நீர் மிகவும் ஏற்றது என்று ஸ்ட்ராபோ என்ற பழைய புவியியல் அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். சாயத்திற்கு நீரின் தன்மை எவ்வளவு முக்கியம் என்பதைத் திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சின்னாளபட்டியில் கேட்டாலே சொல்வார்கள். அதே ஸ்ட்ராபோ, அங்குள்ள புளூட்டோனியம் என்னும் பாதாள வாயிலுக்குள் சிட்டுக்குருவிகளை விட்டெறிந்து பார்த்ததாகவும், அவை உடனே மூச்சற்று விழுந்ததாகவும் குறித்திருக்கிறார். உள்ளே கொண்டுசெல்லப்பட்ட காளைகள் மாண்டன. கூடச் சென்ற பூசாரிகள் பிழைத்துத் திரும்பினர். தெய்வ அருள் என்று மக்கள் நம்பினார்கள். வெந்நீரோடு நிலவெடிப்பு வழியே வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, ஆகவே தரையோடு தேங்கி நிற்கும். தாழ்ந்த மூக்குள்ள விலங்கு மாளும், நிமிர்ந்து நிற்கும் மனிதன் தப்புவான். இத்தாலிய அகழாய்வுக் குழுவினர் அண்மையில் கண்டறிந்த அந்த வாயிலில் அந்த வாயு இன்றும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. வெண்ணிறப் படிவை உண்டாக்குவதும் குருவியைக் கொல்வதும் ஒரே வாயுதான் என்று அங்கே நின்றபோது தோன்றியது. அதை நின்று யோசிப்பதற்கு எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம்.

ஏனெனில், எங்களுக்கு ஒதுக்கப்பட்டது மொத்தம் இரண்டரை மணி நேரம். முதல் நாள் துருக்கியின் நடுப்பகுதியில் உள்ள கப்படோக்கியாவிலிருந்து ஒன்பது மணி நேரத்திற்கு மேல் பேருந்தில் வந்திருந்தோம். நான் குளத்தில் இறங்காமல், மனைவியைக் குளக்கரையில் உட்காரவைத்துவிட்டு, தூண் வரிசையுள்ள பழைய வீதி வழியே வடக்கு நோக்கி நடந்தேன். ரோமர் காலத்து நகர வாயிலான பிரொண்டினஸ் வாயிலுக்கு அப்பால் பிளேவியஸ் செயுக்ஸிஸ் என்ற வணிகரின் கல்லறை இருக்கிறது. கிரேக்க நாட்டின் தெற்கே உள்ள மாலியா முனையைச் சுற்றி 72 முறை இத்தாலிக்குக் கப்பலேறிச் சென்றவர் என்று அதன் வாயிலில் பொறித்திருக்கிறார்கள். திரைகடல் ஓடித் திரவியம் தேடியவர், ஒவ்வொரு பயணத்தையும் எண்ணி வைத்திருந்திருக்கிறார். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் சாலையின் இருமருங்கிலும் கல்லறைகள். வெந்நீரில் நோய் தீரும் என்று நம்பி வந்து, தீராமல் அங்கேயே அடங்கியவர்களும் அவற்றில் பலர் என்கிறார்கள்.

அந்தக் கல்லறைகளுள் ஒன்றைத் தேடித்தான் நான் துருக்கிக்கே போனேன் என்றால் மிகையாகாது. மார்க்கஸ் அவுரேலியஸ் அம்மியானோஸ் என்பவரின் கல் ஈமப்பேழையில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், கல் அறுக்கும் இயந்திரம் ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. ஒரு நீர்ச்சக்கரம் சுழல, அந்தச் சுழற்சி கிராங்க் என்ற வளைந்த அச்சு, கனெக்டிங் ராடு என்ற இணைப்புத் தண்டு ஆகியவற்றின் வழியாக முன்பின் இயக்கமாக மாறி இரண்டு ரம்பங்களை இழுக்கிறது. இன்று பேருந்தின் என்ஜினிலும் தையல் இயந்திரத்தின் மிதிபலகையிலும் உள்ள அதே அமைப்பு. அறியப்பட்டவற்றுள் அதன் மிகப் பழைய சித்திரம் இதுவே. முப்பத்தொரு ஆண்டுகள் பாலிடெக்னிக் மாணவர்களுக்குக் கரும்பலகையில் நான் வரைந்து வரைந்து அழித்த படம் அது. செயுக்ஸிஸ் கல்லறையைத் தாண்டிச் சில அடிகள்கூட வைத்திருக்க மாட்டேன், வாட்ஸ்அப்பில் வழிகாட்டியின் அழைப்பு வந்துவிட்டது; எல்லோரும் பேருந்தில் ஏறியாயிற்றாம், நான் ஒருவன்தான் பாக்கியாம். திரும்பினேன். மறுநாள் அதே நிறுவனம் எங்களை ஒரு தோலாடைக் கடையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, யாரும் வாங்காத மேலங்கிகளை ஒவ்வொன்றாக அணிந்து நடந்து காட்டியது. அந்தக் கடை, எங்களுக்குக் கொடுத்த நிகழ்ச்சி நிரலில் இல்லவே இல்லை.

ஆகவே, தங்கள் பயணப் பக்கத்தில் இத்தகைய கட்டுரைகளை வெளியிடும்போது, எத்தனை ஊர் பார்த்தார்கள் என்பதோடு, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதையும் எழுதச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். பாமுக்கலேக்குப் போக விரும்பும் வாசகர்கள், பணம் கட்டுவதற்கு முன், பேருந்து எந்த வாயிலில் இறக்கிவிடும் என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வது நல்லது. தெற்கு வாயிலில் இறக்கினால் குளம் பக்கம், கல்லறைகள் தொலைவு. வடக்கு வாயிலில் இறக்கினால் கல்லறைகளின் ஊடாகவே நகரத்திற்குள் நடந்து வரலாம். எங்களைத் தெற்கில் இறக்கினார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
திண்டுக்கல்.