சாந்தி, தூக்குல போட்டா கொலை குறையுமா?

அன்புள்ள சாந்திக்கு,

ஒன் கடிதம் வந்துச்சு, பேத்தி போட்டோவும் பாத்தேன், அப்படியே ஒங்கம்மா மூஞ்சி. இங்க எல்லாரும் சொகம். அவருக்குத்தான் முழங்கால் வலி, மழை தொடங்கினா கூடிரும், ஆனாலும் பின்னால இருக்கிற லீக்ஸ் பாத்திய விடமாட்டேங்கிறாரு. சின்னவன் இன்னும் கொழும்புலதான், பொண்ணு பாக்கவான்னு கேட்டா போன வச்சிர்றான். ஹட்டன் டவுன நீ பாத்தா அடையாளமே தெரியாது, எங்க பாத்தாலும் கடை.

சரி, நீ எழுதின விசயத்துக்கு வர்றேன். அங்க கனடாவுல இருந்து நியூஸ் பாத்துப் பாத்து நீ கோவத்துல எழுதியிருக்கே, தினமும் துப்பாக்கிச் சூடு, வெட்டு, ஐஸ் போதை, இலங்கையில 1976க்கு அப்புறம் ஒருத்தனையும் தூக்குல போடாததாலதான் நாடு இப்படி ஆச்சு, நாலு பேர போட்டா மத்தவன் அடங்குவான்னு. இங்க பஸ்ல ஏறினாலும் இதே பேச்சுதான். ஒன் கோவம் எனக்கு விளங்குது, ஆனா நான் இதுல ஒன் பக்கம் இல்லடி. கோட்ல மொழிபெயர்ப்பாளரா இருந்த காலத்துல கொலைக் கேஸ்ல கூண்டுல நின்ன எத்தனையோ பேர பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், அதனாலதான் சொல்றேன்.

நம்ம தேயிலைத் தோட்டத்துல நடக்கிற கொலைய எடுத்துக்கோ. சம்பளம் போட்ட அன்னைக்கு கசிப்புச் சாராயம், ஒரு பழைய கடன், இல்லாட்டி பொண்டாட்டி மேல சந்தேகம், இல்லாட்டி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசல்ல வேலி போட்ட சண்டை, கைக்கு கெடச்சது தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, அஞ்சு நிமிசத்துல எல்லாம் முடிஞ்சிரும். அந்த நேரம் அவன் புத்தியில கயிறும் இல்ல ஜெயிலும் இல்ல, நாளைக்கு விடியும்ங்கிற நெனப்பே இல்ல. வெறி எறங்கினதும் தானா பொலிசுக்கு நடந்து போனவங்க கேசும் இருக்கு. இவங்கள எந்தத் தண்டனைய காட்டி முன்கூட்டியே தடுக்கிறது சொல்லு?

நீ சொல்ற பாதாள கோஷ்டிக்காரனுங்க வேற ரகம்தான், அவனுங்க யோசிச்சு செய்றவனுங்க. 2025 பெப்ரவரி 19 கொழும்பு அளுத்கடை கோட்டுக்குள்ள லோயர் வேசத்துல வந்து, சட்டப் புத்தகத்த குடைஞ்சு துப்பாக்கிய ஒளிச்சுக் கொண்டாந்து, நீதவான் முன்னாலயே கோஷ்டித் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவ சுட்டாங்கல்ல. சுத்தி பொலிஸ் நிக்கிற எடத்துல அப்படி ஒரு வேலைக்கு வர்றவன் அந்த எடத்துலயே செத்தாலும் சாவோம்னு தெரிஞ்சுதானே வர்றான். அந்தத் தொழில்ல எதிர் கோஷ்டி கையால சாவு எப்பவும் பக்கத்துலதான் நிக்குது. பத்துப் பதினஞ்சு வருசம் கழிச்சு வந்தாலும் வரலாம்ங்கிற கயிறு அவன எப்படி பயமுறுத்தும்?

இதெல்லாம் நான் மட்டும் சொல்ற கதை இல்ல. 1956ல பண்டாரநாயக்க பிரதமரா வந்த கையோட தூக்க நிப்பாட்டினாரு, 1958ல அதுக்குச் சட்டமே போட்டாங்க. நோர்வல் மொரிஸ்னு ஒரு பேராசிரியர் தலைமையில கமிசன் வச்சு நம்ம நாட்டுக் கொலைக் கணக்கையே எடுத்து ஆராய்ஞ்சாங்க, நிப்பாட்டினதால கொலை கூடினதுக்கு ஆதாரம் இல்ல, திருப்பிக் கொண்டுவர வேணாம்னுதான் அறிக்கை சொல்லிச்சு. 1959 செப்டம்பர்ல பண்டாரநாயக்கவையே சுட்டுட்டாங்க, அந்தக் கோவத்துல சட்டத்த மாத்தி தூக்க மறுபடி கொண்டுவந்து, அவர சுட்ட புத்த பிக்கு சோமாராம தேரர 1962ல தூக்குல போட்டாங்க. தூக்கு இல்லாததாலதானே சுட்டாருன்னு நீ கேப்பே. பட்டப்பகல்ல, பிரதமர் வீட்டு விறாந்தையில, அத்தன சனத்துக்கு முன்னால சுட்டவரு தப்பிச்சுப் போற கணக்கோட வந்திருப்பாரா? 1976க்கு அப்புறம் இங்க கூடினது என்னன்னு பாத்தா யுத்தம், கலவரம், படைய விட்டு துப்பாக்கியோட ஓடினவனுங்க. அதையெல்லாம் விட்டுட்டு கயிறு தொங்காததுதான் காரணம்னா நான் எப்படி ஒத்துக்க? நீ இருக்கிற கனடாவும் அதே 1976லதான் கொலைக்கு மரண தண்டனைய எடுத்துச்சு, அங்க கொலை வீதம் அன்னைக்கு இருந்ததவிட பிறகு கொறஞ்சுதான் போச்சு.

எனக்கு இன்னொரு பயம் இருக்கு, அத ஒன்கிட்டதான் மனசு விட்டு சொல்லலாம். நம்ம ஆளுங்க வாக்குமூலம் கொடுக்கிறது தமிழ்ல, எழுதிக்கிறது சிங்களத்துல, கடைசில கையெழுத்துப் போடச் சொல்வாங்க, போட்டுட்டு வந்துருவாங்க. கேஸ் கோட்டுக்கு வந்து நான் அத வாசிச்சு தமிழ்ல சொல்லும்போது "நான் இப்படி சொல்லலையே அம்மா"ன்னு ஏங்கிப் பாத்த முகம் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மரண தண்டனை தீர்ப்பு நாள்ல லைட்டு, ஃபேன் எல்லாம் நிப்பாட்டி எல்லாரையும் எழும்பி நிக்கச் சொல்வாங்க, நீதிபதி வாசிக்கிறத நான்தான் அந்த ஆளுக்கு தமிழ்ல சொல்லணும். அவர் கூண்டுக் கம்பிய புடிச்ச புடியில வெரல் வெளுத்துப் போயிருக்கும். ஒரு சொல்லு தப்பா சொல்லிட்டா என்னாகும்னு நெனச்சு எனக்கு அன்னைக்கெல்லாம் சோறு எறங்காது. கயிறு நெசமாவே இருந்திருந்தா நான் அந்த வேலையில நின்னிருக்க மாட்டேன்.

மூதூர் ரிசானா நபீக்க மறந்துட்டியா? சவூதியில வேலைக்குப் போன எடத்துல கைக்கொழந்த செத்ததுக்கு 2013 ஜனவரி 9 அந்தப் புள்ளையோட தலைய வெட்டினாங்களே. பிறப்புச் சான்றிதழ் படி சம்பவம் நடந்தப்ப வயசு 17, பாஸ்போர்ட்ல வயச கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தாங்க. மொதல் வாக்குமூலத்த மொழிபெயர்த்தவரோட தகுதி பத்தியே பிறகு பெரிய கேள்வி வந்துச்சு. நம்ம லயத்துல இருந்தும் இப்படித்தானே புள்ளைங்கள அனுப்புறோம். இங்கயும் 2015ல கொட்டதெனியாவ சிறுமி கொலையப்ப நாடே தூக்குல போடுன்னு கத்திச்சு, மொதல்ல புடிச்சது 17 வயசுப் பையன் ஒருத்தனையும் இன்னொருத்தரையும்தான். டிஎன்ஏ பாத்த பிறகுதான் அவங்க இல்லன்னு தெரிஞ்சு விட்டாங்க. டிஎன்ஏ இல்லாத கேஸ் எத்தனை?

மறுபக்கம் பாரு. மிருசுவில்ல கொழந்தையோட சேத்து எட்டுத் தமிழ் சனத்தக் கொன்ன கேஸ்ல மரண தண்டனை கெடச்ச ராணுவக்காரன் சுனில் ரத்னாயக்கவுக்கு 2020 மார்ச்ல ஜனாதிபதி மன்னிப்பு கெடச்சிச்சு. கயிறு யாருக்கு எறங்கும், யாருக்கு எறங்காதுன்னு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

கொலைகாரன் பயப்படுறது மாட்டிக்குவோம்ங்கிறதுக்குத்தான், அதுதான் இங்க இல்ல. நீதவான் கோட்ல விசாரணை, பிறகு ஃபைல் சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு, குற்றப்பத்திரிகை வந்து மேல் நீதிமன்றத்துல கேஸ் தொடங்கிறதுக்குள்ள வருசக்கணக்காகுது. நேர்ல பாத்த சாட்சி ஒருத்தி, கொழுந்து எடுக்கிறவ, ஒவ்வொரு தவணைக்கும் விடியக்காலம் பஸ் புடிச்சு வருவா, அன்னைக்கு பேரு (நாள் சம்பளம்) போயிரும், பஸ் காசும் கையில இருந்து, மத்தியானம் "வேற திகதி"ன்னு திருப்பி அனுப்புவாங்க. எதிர்ப் பக்கத்து ஆளுங்க அதே பஸ்ஸுல பின் சீட்ல ஒக்காந்து வருவானுங்க. கடைசியா கூண்டுல ஏறி "ஞாபகம் இல்லைங்க"ன்னு சொன்னா. அவள நான் எப்படி குத்தம் சொல்லுவேன்? அந்தக் கேஸ் அதோட விழுந்துச்சு, வெளிய வந்தவன் ஊருக்குள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தான். அவனப் பாத்து வளர்ற பயலுங்களுக்கு பயம் எங்க இருந்து வரும்? 2019ல ஜனாதிபதி சிறிசேன நாலு பேரோட தூக்குக்கு கையெழுத்துப் போட்டு, அலுகோசு (தூக்குல போடுறவர்) வேலைக்கு விளம்பரமும் போட்டப்ப நூத்துக்கு மேல விண்ணப்பம் வந்துச்சு. அதுல பாதி அக்கறைய சாட்சிக்கு பஸ் காசு, பாதுகாப்பு, பொலிஸ்ல தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆளுன்னு காட்டியிருந்தா அந்தப் பொம்பளை கடைசி வரைக்கும் நின்னிருப்பா.

புள்ளைய பறிகொடுத்த தாய் தூக்குல போடுங்கன்னு கதறினா அவ வாய நான் அடைக்க மாட்டேன், அவளுக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா ஆறேழு வருசம் கேஸுக்கு அலைஞ்ச அம்மாமார் என்கிட்ட அதிகமா கேட்டது "எப்பம்மா முடியும்?"ங்கிறதுதான்.

நீ இன்னும் ஒத்துக்காட்டி விடாம எழுது, நானும் விடப்போறதில்ல. டிசம்பர்ல வர்றதா சொன்னியே, டிக்கெட் போட்டுட்டியா? வந்தா நேரா நம்ம வீட்டுக்குத்தான், ரூம் எடுக்கிற கதையெல்லாம் வேணாம். பேத்திக்கு நல்ல தடிப்பமான சுவெட்டர் எடுத்துக்கிட்டு வா.

இப்படிக்கு,
ஒன் பிரியமுள்ள
ராஜி