அந்த நாற்பது பிளேடு

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்குக்கூட நீ பேசவில்லை என்றுதான் அவளுக்குக் குறை.

போன தடவை காய் வெட்டும் மிஷின் பிளேடுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 420 ரகம் போடுவதா, 440சி ரகம் போடுவதா என்று கேட்டாய். லேத் ஓடிக்கொண்டிருந்தது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். தினமும் தண்ணீரில் கழுவுகிற பிளேடுக்கு 420 போதும் தம்பி. கார்பன் 0.3க்குப் பக்கம் இருக்கிறதா என்று சர்டிபிகேட்டில் பார்த்து வாங்கு. ரொம்பக் குறைந்தால் கெட்டித்தன்மை 50 ராக்வெல் எட்டாது. 440சி 58 வரும், கூர் நிற்கும். ஆனால் கார்பன் ஒரு சதவீதம், அடிபட்டால் முனை உதிரும். ஷாஃப்டுக்கு 17-4 பி.ஹெச். ஸ்டீல் வாங்கு. கடைந்து முடித்து 480 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் 40க்கு மேல் வந்துவிடும். எண்ணெயில் முக்குகிற வேலையே இல்லை, அவ்வளவாகக் கோணாது. 304 ஸ்டீலை எவ்வளவு காய்ச்சினாலும் கெட்டிப்படாது என்று பத்தாவது படிக்கும்போதே கப்பலூர் ஆட்களிடம் சொன்னவன் நீ. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளேடைக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய பிறகு, மறுபடி குறைந்த சூட்டில் வைக்கிற டெம்பரிங்கை மட்டும் தள்ளிப்போடாதே. எண்ணெயிலிருந்து எடுத்து, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் உடனே போடு. 200 டிகிரி போதும். 450, 500 என்று ஏற்றிவிடாதே, துருவும் பிடிக்கும், நொறுங்கவும் செய்யும்.

அங்கே ஒரு லாட் விரிசல் விட்டதென்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. டெம்பரிங்கைத் தள்ளிப்போடாதே, அவ்வளவுதான்.

நம் பட்டறையில் பாழான அந்த நாற்பது பிளேடும் 440சிதான். நீ அடுப்பை அணைத்ததால்தான் போச்சு என்று மாமா முன்னால் உன்னை நிறுத்தி வைத்துச் சொன்னேன். நீ அணைக்கவில்லை. அணைத்தது நான். காலையில் டெம்பரிங் போட்டுக்கொள்ளலாம் என்று தட்டில் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிட வந்துவிட்டேன். விடிந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் முடி மாதிரி ஒரு கோடு. நீ தலையைக் குனிந்தபடி நின்றாய், ஒரு வார்த்தை பேசவில்லை. பதினோரு வருஷமாக நானும் பேசவில்லை.

அதில் ஒரு பிளேடு இன்னும் என் டிராயரில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறார், அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடமாவது பேசு.

அப்பா